லீவு லிஸ்டோட சம்பளக் கணக்கையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன், உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு மாமனார் காலத்துல இருந்து வருது. அடுத்த வருஷத்து அரசு விடுமுறை லிஸ்ட் போட்டிருந்தீங்க, அதுக்கு அடுத்த வாரமே வாசகர் கடிதத்துல ஒருத்தர் நம்ம நாட்டுல லீவு ஜாஸ்தி, லீவு குடுத்து குடுத்தே நாடு உருப்படாம போச்சு, வெளிநாட்டுக்காரன் எல்லாம் இப்படியா இருக்கான்னு எழுதியிருந்தாரு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. நான் ஒரு வெளிநாட்டுல ஆறு வருஷம் இருந்தவ, அதுவும் லீவுக்கு சம்பளக் கணக்கு போடுற வேலையே பார்த்தவ, அதனால எனக்கு தெரிஞ்சத சொல்லணும்னு தோணுது. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

என் வீட்டுக்காரருக்கு பிலிப்பைன்ஸ்ல வேலை கிடைச்சு மணிலா போனோம். போன ஒரு வருஷத்துல எனக்கும் மக்காட்டி பக்கம் ஒரு கால் சென்டர் கம்பெனில பேரோல் செக்‌ஷன்ல வேலை கிடைச்சுது. சேர்ந்த முதல் நாளே எங்க சூப்பர்வைசர் அம்மா ஒரு காலண்டர குடுத்து இத மனப்பாடம் பண்ணுன்னு சொன்னாங்க, அதுல சில தேதி ஒரு கலர்ல, சில தேதி வேற கலர்ல. நான் அரசு லீவு, பேங்க் லீவுன்னு நினைச்சேன். அது இல்ல. அங்க லீவுல ரெண்டு ஜாதி. ஒண்ணு ரெகுலர் ஹாலிடே, இன்னொண்ணு ஸ்பெஷல் நான்-வொர்க்கிங் டே. புத்தாண்டு, பெரிய வியாழன், புனித வெள்ளி, ஏப்ரல் 9, மே 1, ஜூன் 12 சுதந்திர தினம், ஆகஸ்ட் கடைசி திங்கள் வர்ற தேசிய வீரர்கள் தினம், நவம்பர் 30, கிறிஸ்துமஸ், டிசம்பர் 30, அப்புறம் ரம்ஜான், பக்ரீத் ரெண்டு பெருநாளும், இதெல்லாம் ரெகுலர். ஆகஸ்ட் 21, நவம்பர் 1, டிசம்பர் 8, டிசம்பர் 31 இந்த மாதிரி நாளெல்லாம் ஸ்பெஷல். வருஷா வருஷம் அதிபர் ஒரு அறிவிப்பு போட்டு சீனப் புத்தாண்டு மாதிரி இன்னும் சில நாள சேர்ப்பாரு.

இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் எங்கன்னா சம்பளத்துல. ஒருத்தருக்கு ஒரு நாள் கூலி 500 பெசோன்னு வச்சுக்குவோம். ரெகுலர் ஹாலிடேல அவங்க வீட்ல இருந்தா 500 உண்டு, வேலைக்கு வந்தா 1000. அன்னைக்கு அவங்க வார லீவாவும் இருந்து வேலைக்கு வந்தாங்கன்னா 1300. ரெண்டு ரெகுலர் ஹாலிடே ஒரே நாள்ல விழுந்துட்டா வந்தவங்களுக்கு மூணு மடங்கு, 1500, வராதவங்களுக்கே 1000. அப்படி நிஜமாவே விழுந்துச்சு, 2020ல ஏப்ரல் 9ம் பெரிய வியாழனும் ஒரே நாள், லாக்டவுன் நேரம், வீட்ல டைனிங் டேபிள்ல உக்காந்து நான் அந்தக் கணக்க மூணு தடவ சரி பார்த்தேன். கம்பெனிக்காரங்க பெரிய மனசு பண்ணி குடுக்கறதில்ல இது, சட்டத்துல எழுதியிருக்கு. தப்பா போட்டா அடுத்த நாளே ஒவ்வொருத்தரா பே ஸ்லிப்ப எடுத்துட்டு வந்து எங்க டேபிள் முன்னாடி நிப்பாங்க, போன் பேசுற பையனுக்கும் பொண்ணுக்கும் அந்த பர்சன்டேஜ் எல்லாம் எங்கள விட நல்லா தெரியும்.

அதுக்காக அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. ஸ்பெஷல் நாள்ல வந்தா 500க்கு 650, வராட்டி ஒண்ணும் கிடையாது, வேலை இல்லன்னா கூலி இல்ல. எங்க ஆபீஸ்ல கிளீனிங் பண்ற ஒரு ஆத்தே இருந்தாங்க, ஆத்தேன்னா அவங்க மொழில அக்கா, கேக்கும்போதே நம்ம ஊரு வார்த்தை மாதிரி இருக்கும். ஏஜென்சி மூலமா வந்த தினக்கூலி. அதிபர் திடீர்னு ஒரு ஸ்பெஷல் நாள் அறிவிச்சா எங்களுக்கெல்லாம் சந்தோஷம், அந்த ஆத்தே முகம் மட்டும் வாடிடும், ஆபீஸ் மூடினா அவங்களுக்கு அன்னைக்கு அரிசி இல்ல. அதே மாதிரி பத்து பேருக்கு கம்மியா வேலை பாக்குற சின்ன கடைக்கு ரெகுலர் ஹாலிடே சம்பள ரூல் கிடையாது. ட்ரைசைக்கிள் ஓட்றவரு, ரோட்டோரம் பொரிச்ச மீன் உருண்டை விக்கிறவங்க, இவங்களுக்கு எந்த லீவும் கிடையாது. ஆறு மாசம் ஆனா பர்மனென்ட் ஆக்கணும்னு அஞ்சாவது மாசமே ஆள மாத்துற பழக்கமும் அங்க உண்டு, எண்டோன்னு சொல்வாங்க. இதையும் சொல்லிட்டுத்தான் மத்தத சொல்லணும்.

லீவு ஜாஸ்தின்னு சொல்ற அந்த வாசகருக்கு இன்னொண்ணு சொல்லணும், அந்த ஜனங்க ஒவ்வொரு லீவையும் எப்படி நடத்துறாங்கங்கறத. எனக்கு ரொம்ப மனசுல நிக்கிறது நவம்பர் 1, உண்டாஸ்னு சொல்வாங்க. சகல புனிதர் திருநாள், மறுநாள் கல்லறைத் திருநாள். மணிலா பஸ் ஸ்டாண்டு எல்லாம் நம்ம தீபாவளிக்கு மெட்ராஸ்ல எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், அத்தனை பேரும் சொந்த ஊருக்கு, செத்துப்போனவங்கள பார்க்க. எங்க வீட்டு ஓனர் அம்மா ஒரு வருஷம் எங்களையும் கூட்டிட்டு போனாங்க. ஒரு வாரம் முன்னாடியே கல்லறைய கழுவி வெள்ளை அடிச்சு வச்சிருந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் பாய், சேர், பெரிய பாத்திரத்துல நூடுல்ஸ், சோறு, கறி எல்லாம் தூக்கிட்டு மூணு தலைமுறையும் போய் உக்காந்துட்டாங்க, மெழுகுவர்த்தி ஏத்தி, செபம் சொல்லி, அப்புறம் சீட்டாட்டம், அரட்டை, குழந்தைங்க உருகுன மெழுக உருட்டி உருட்டி பந்தாக்கி விளையாடுறாங்க, விடிய விடிய அங்கயே. நான் பயந்துட்டேதான் போனேன். ஆனா அங்க பயத்துக்கு இடமே இல்ல, தாத்தா வீட்டுக்கு போன மாதிரி இருந்துச்சு. நம்ம கடலூர் ஓல்ட் டவுன்லயும் புதுச்சேரிலயும் நவம்பர் 2ல கல்லறைக்கு போய் பூ வச்சு மெழுகுவர்த்தி ஏத்துறத நான் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், ஆனா ராத்திரி பூரா உக்காந்து அவங்களோட சாப்பிடுறத அங்கதான் பார்த்தேன். எனக்கு அப்ப டிசம்பர் 26 ஞாபகம்தான் வந்துச்சு, சுனாமி வந்த நாள்னு தேவனாம்பட்டினத்துல வருஷா வருஷம் ஜனங்க கடல்ல பால் ஊத்தி அழுவாங்களே, அது. அதுவும் ஒரு உண்டாஸ்தான்.

கிறிஸ்துமஸ் அங்க செப்டம்பர் மாசமே ஆரம்பிச்சுடும், பேர்ல "பர்" வர்ற நாலு மாசமும் கிறிஸ்துமஸ் மாசம்னு கணக்கு, கடைங்கள்ல செப்டம்பர் 1 காலைலயே பாட்டு போட்டுடுவாங்க. அவங்க நட்சத்திர விளக்குக்கு பரோல்னு பேரு, மூங்கிலும் பேப்பரும் வச்சு வீட்லயே செய்வாங்க, பம்பாங்கா மாகாணத்து சான் பெர்னாண்டோல லாரி உசரத்துக்கு ஆயிரக்கணக்கான பல்பு போட்டு பெரிய பெரிய விளக்கு செஞ்சு போட்டியே வைக்கிறாங்க. ஆனா நான் சொல்ல வந்தது சிம்பாங் கபி. டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது நாள் விடியக்காலைல பூசை, நாலு மணிக்கெல்லாம் கோயில் நிறைஞ்சிடும். டிசம்பர் 16ன்னா நமக்கு மார்கழி 1! திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில்ல திருவெம்பாவை கேக்குற அதே நேரத்துல அங்க அவங்க குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு நடந்து போறாங்க. பூசை முடிஞ்சு வெளிய வந்தா சுடச்சுட புட்டோ பும்போங், ஊதா கலர் அரிசி மாவ மூங்கில் குழாய்ல போட்டு ஆவில வேக வச்சு தேங்காத்துருவல், நாட்டுச் சர்க்கரை தூவி வாழை இலைல வச்சு தருவாங்க. முத தடவ கைல வாங்கினப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எங்க அம்மா செய்ற குழாய் புட்டு அது, பேரு உட்பட. அந்த டிசம்பர்ல ஊருக்கு வர முடியல, அதனாலயும் இருக்கலாம்.

டிசம்பர் 24க்குள்ள 13வது மாச சம்பளம் குடுத்தே ஆகணும், 1975ல இருந்து சட்டம். வீட்டு வேலை செய்றவங்களுக்கும் உண்டு, 2013ல தனி சட்டமே கொண்டு வந்துட்டாங்க. நம்ம போனஸ் ரூல்ல குறைஞ்சபட்சம் 8.33 சதவீதம்னு இருக்கே, அதுவும் கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளத்தோட கணக்குதான், பன்னெண்டுல ஒரு பங்கு. ஆனா அது இருபது பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்கு, சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு தீபாவளிக்கு ஒரு புடவை, கொஞ்சம் ஸ்வீட், அதோட சரி, சட்டம்னு ஒண்ணும் இல்ல.

பெரிய வியாழன், புனித வெள்ளி ரெண்டு நாள் மணிலாவே அடங்கிடும், மால் எல்லாம் மூடிடுவாங்க, அந்த டிராபிக் ஊர்ல நடு ரோட்டுல நடந்து போகலாம். இயேசு பாடுபட்டத ராகம் போட்டு ராப்பகலா மாத்தி மாத்தி படிப்பாங்க, தெருக்கூத்து மாதிரி நாடகமும் நடக்கும். பம்பாங்கால சான் பெட்ரோ குத்துத்னு ஒரு ஊர்ல நேர்த்திக்கடனுக்காக நிஜமா ஆணி அடிச்சு சிலுவைல ஏத்துறாங்க, சர்ச்சு அத ஒத்துக்கல, ஆனாலும் நடக்குது. நான் ஒரு தடவ போய் முழுசா பார்க்க முடியாம திரும்பிட்டேன். உடம்புல அலகு குத்துற நம்ம செடல் திருவிழாவையே கிட்ட நின்னு பார்க்க மாட்டேன் நான்.

கிறிஸ்தவ ஜனங்கதான் பெரும்பான்மை, ஆனாலும் 2002ல சட்டம் போட்டு ரம்ஜான நாடு பூரா ரெகுலர் ஹாலிடே ஆக்கினாங்க, 2009ல பக்ரீத்தையும். பரங்கிப்பேட்டைல பொறந்த ஒரு தோழி என்னோட மணிலாவுல இருந்தா, அவளுக்கு பெருநாள் அன்னைக்கு லீவு கேக்க வேண்டிய அவசியமே வரல. எனக்கு தீபாவளிக்கு லீவு போட்டுட்டு பாக்கோ பக்கம் இருக்கிற இந்துக் கோயிலுக்கு போயிட்டு வருவேன், அது லீவு நாள் இல்ல, அத நான் குறையா நினைச்சதும் இல்ல.

இப்ப தேசிய நாளுங்க. அந்த வாசகர் "சும்மா தூங்குறதுக்கு லீவு"ன்னு எழுதியிருந்தாரு. ஏப்ரல் 9 எந்த நாள் தெரியுமா, இரண்டாம் உலகப் போர்ல, 1942ல, பட்டான்ங்கற இடத்துல அவங்க படையும் அமெரிக்கப் படையும் ஜப்பான்காரங்ககிட்ட சரணடைஞ்ச நாள். தோத்த நாள். சரணடைஞ்ச ஆயிரக்கணக்கான பேர வெயில்ல மைல் கணக்குல நடக்க வச்சே கொன்னாங்க. அந்த நாளுக்குத்தான் வீரத் திருநாள்னு பேரு வச்சு சமாத் மலைல பெரிய சிலுவை நட்டு வருஷா வருஷம் மரியாதை பண்றாங்க. டிசம்பர் 30, ஹோசே ரிசால ஸ்பெயின்காரங்க 1896ல சுட்டுக் கொன்ன நாள், அவர் தொழில் கண் டாக்டர், எழுத்தாளர், அப்ப வயசு 35. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுல ஊரே கொண்டாட்டமா இருக்கும்போது அன்னைக்கு மட்டும் கொடிய அரைக்கம்பத்துல பறக்க விடுவாங்க. ஆகஸ்ட் 21, எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ 1983ல நாடு திரும்பி பிளேன விட்டு இறங்குனதும் சுட்டுக் கொல்லப்பட்ட நாள், இப்ப அந்த ஏர்போர்ட்டுக்கே அவர் பேருதான்.

சுதந்திர தினக் கதைய படிச்சப்ப எனக்கு நம்ம புதுச்சேரிதான் ஞாபகம் வந்துச்சு. 1898 ஜூன் 12ல கவித்ங்கற ஊர்ல புரட்சித் தலைவர் அகினால்டோ ஸ்பெயின்கிட்ட இருந்து விடுதலைன்னு அறிவிச்சாரு, ஆனா அதே வருஷம் ஸ்பெயின் அந்த நாட்ட ரெண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு குடுத்துட்டுது. அமெரிக்கா ஆட்சிய விட்டு வெளியேறினது 1946 ஜூலை 4, அதுவும் அவங்க சொந்த சுதந்திர தினத்தன்னைக்கே. ரொம்ப வருஷம் ஜூலை 4தான் சுதந்திர தினம்னு கொண்டாடிட்டு இருந்தாங்க, 1962ல அதிபர் தியோஸ்தாதோ மகபகால், "இல்ல, நாமளே அறிவிச்ச நாள்தான் நம்ம நாள்"னு சொல்லி ஜூன் 12க்கு மாத்தினாரு. அதே 1962லதான் ஆகஸ்ட் 16ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்துச்சு. ஆனா கீழூர்ல 178 மக்கள் பிரதிநிதிங்கள்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டு போட்டது 1954 அக்டோபர் 18, ஆட்சி கைமாறுனது நவம்பர் 1. எது விடுதலை நாள்னு புதுச்சேரில பேசிப் பேசித்தானே இப்ப நவம்பர் 1க்கு கொடி ஏத்துறோம். ஒரு லீவு தேதிக்குள்ள இவ்வளவு இருக்கு. தூங்குறதுக்கு குடுத்த நாளா இது?

இதுல எனக்கு பிடிக்காத ஒண்ணும் உண்டு. 2007ல, அந்த மகபகாலோட பொண்ணு அரோயோ அதிபரா இருந்தப்ப, சில லீவ பக்கத்து திங்கக்கிழமைக்கு நகர்த்துறதுக்கு சட்டம் கொண்டு வந்தாங்க, மூணு நாள் சேர்ந்தா ஜனங்க டூர் போவாங்க, வியாபாரம் நடக்கும்னு. இன்னமும் சில நாள அப்படி நகர்த்துறாங்க, 2024ல நினோய் நாள 21ல இருந்து 23 வெள்ளிக்கிழமைக்கு தள்ளிட்டாங்க. ஒருத்தர் உயிர் போன தேதிய டூருக்காக தள்ளி வைக்கலாமா? எங்க ஓனர் அம்மா இதுக்கு கோவப்படுவாங்க, அவங்க பக்கம்தான் நானும்.

சரி, இப்ப நான் எதுக்கு இவ்வளவும் எழுதுறேன்னா, என் நாத்தனார். கடலூர்ல ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கா, கடை பேரு வேண்டாம். காலைல ஒன்பதரைக்கு போனா ராத்திரி ஒன்பதரை, நின்ன கால்லயே. இந்த வருஷம் அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, தீபாவளி சீசன், கடை ஃபுல்லா திறந்திருந்துச்சு, எல்லாரும் வந்தே ஆகணும்னுட்டாங்க. சம்பளம் வாங்கினப்ப அந்த நாளுக்கு தனியா ஒண்ணும் இல்ல, மாத்து லீவும் இல்ல. கேட்டதுக்கு, அதெல்லாம் கவர்ன்மென்ட் ஆளுங்களுக்கும்மா, உங்களுக்குத்தான் தீபாவளிக்கு துணி குடுத்தோம்லன்னு சொல்லியிருக்காங்க. அவ என்கிட்ட வந்து, அண்ணி, நீங்க அந்த ஊர்ல கணக்கு போட்டீங்களே, நமக்கு அப்படி ஒண்ணும் இல்லையான்னு கேட்டா.

இருக்கு சார். அதான் விஷயமே. தமிழ்நாட்டுல 1958லயே தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, பேக்டரிக்கு மட்டும் இல்ல, கடைங்களுக்கும் சேர்த்துத்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும், அது போக வருஷத்துக்கு அஞ்சு பண்டிகை நாளும் சம்பளத்தோட லீவு. அன்னைக்கு வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலி குடுக்கணும், இல்லன்னா அந்த நாள் கூலிய குடுத்துட்டு வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவு விடணும். பிலிப்பைன்ஸ்ல பார்த்த அதே டபுள் கணக்குதான், பல வருஷமா நம்ம ஊர்லயே இருக்கு, ஆனா நான் மணிலா போய் பேரோல்ல உக்காராம இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. அங்க இருக்கிறவங்களுக்கு தெரியுது, ஏன்னா ஒவ்வொரு லீவு வரும்போதும் தொழிலாளர் துறை கணக்கு போட்டு வெளியிடும், அத எல்லா பேப்பரும் டிவியும் நாளைக்கு லீவு, சம்பளம் இப்படித்தான் குடுக்கணும்னு வானிலை மாதிரி சொல்வாங்க. பஸ்ல போற பொண்ணு செல்போன்ல அத படிச்சுட்டு போவா.

இங்க? ஏப்ரல் 1 பேங்க் கணக்கு முடிக்கிற லீவுல இருந்து சிதம்பரம் தரிசனத்துக்கு கலெக்டர் விடுற உள்ளூர் லீவு, அதுக்கு ஈடு செய்ற சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் நீங்க போடுறீங்க, நல்லதுதான், ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்கிறவங்களுக்கு அது வேணும். ஆனா அந்த லிஸ்ட்ல ஒரு வரி கூட கடைல நிக்கிறவளுக்கு, ஓட்டல்ல டேபிள் துடைக்கிறவனுக்கு, சிப்காட்ல கான்ட்ராக்ட்ல போறவங்களுக்கு இல்ல. லீவு ஜாஸ்தின்னு கோவப்படுறவரு இவங்கள ஒரு தடவ கேட்டு பார்க்கட்டும், வருஷத்துல எத்தன நாள் வீட்ல இருந்தீங்கன்னு. 1923ல மெட்ராஸ் கடற்கரைல சிங்காரவேலர் மே தினக் கொடி ஏத்தினாரு, நாட்டுலயே அதுதான் முதல் தடவை. 1936 ஜூலை 30ல புதுச்சேரி மில் தொழிலாளிங்க பன்னெண்டு பேர் எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்துல பிரெஞ்சு போலீஸ் சுட்டு செத்தாங்க. அந்த புதுச்சேரிக்கு பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகாத ஊர்ல என் நாத்தனார் பன்னெண்டு மணி நேரம் நிக்கிறா, மே 1ம் நிக்கிறா.

அதனால உங்ககிட்ட ரெண்டே கோரிக்கை. லீவு லிஸ்ட் போடும்போது பக்கத்துலயே சின்னதா ஒரு பெட்டி போட்டு அந்த நாலு நாள், அஞ்சு நாள், டபுள் கூலி, கிடைக்கலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்ங்கறதையும் போடுங்க. புதுச்சேரி பதிப்புல அங்க இருக்கிற சட்டத்த விசாரிச்சு தனியா போடுங்க. அப்புறம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஒவ்வொண்ணுக்கும் முந்தின நாள் மொத பக்கத்துல ரெண்டு வரி போட்டா போதும், நாளைக்கு வேலை செஞ்சா ரெண்டு மடங்குன்னு.

கடைல லஞ்ச் டைம்ல டிபன் பாக்ஸுக்கு அடில விரிக்கிறது உங்க பேப்பரத்தான்னு நாத்தனார் சொல்றா, பன்னெண்டு பொண்ணுங்க சேர்ந்து உக்காந்து சாப்பிடுவாங்களாம். ஜனவரி 25ம் தேதி பேப்பர்ல வந்துடுச்சுன்னா அவங்க எல்லாரும் படிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்